தோட்டாவை எடுத்த கை

என் மனைவி டார்சியை அடக்கம் செய்தபின் வந்த மூன்றாவது ஞாயிறு அவளுடைய சித்தப்பா மைலோ வந்தார். ஒரு கையில் பழம் வைத்த பன் தட்டு. இன்னொரு கையில் பழைய கம்பளியில் சுற்றிய நீளமான பொருள். பிரிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. அவளுடைய மான் வேட்டைத் துப்பாக்கி.

சமையலறை மேசைமேல் வைத்துப் பிரித்தார். வேட்டைக்குப் போகிறவர் இறந்தால் துப்பாக்கி பிள்ளைக்கு. அது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் மகள் ஐவிக்கு நான்கு வயது. அவள் வளரும்வரை அப்பன் வைத்திருக்க வேண்டும்.

எடுத்துப் போய்விடுங்கள் என்றேன். ஏன் என்று அவருக்குத் தெரியும். இருபது வயதில், லிங்கன் நகரத்துக் கல்லூரி விடுதியில், டாக்டர் எனக்கு எழுதிக்கொடுத்த மாத்திரைகளில் பத்தை அறைத்தோழனுக்கு விற்றேன். பெருங்குற்றம், அதைச் செய்தவன் பிறகு துப்பாக்கியைக் கையில் எடுக்கவே கூடாது. ஒப்புக்கொள், சிறை இருக்காது என்றார் வக்கீல். ஒப்புக்கொண்டேன். இரண்டு வருடக் கண்காணிப்பு. பிறகு நீதிபதி தீர்ப்பை ரத்து செய்து ஒரு காகிதம் கொடுத்தார்.

மைலோ அந்தக் காகிதத்தையே பிடித்துக்கொண்டார்.

"ஜட்ஜே அதக் கிழிச்சுப் போட்டுட்டாரு. நீதான் இன்னும் தலையில சுமந்துக்கிட்டுத் திரியிற."

இங்கே எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். கல்யாணத்துக்கு முன் டார்சிதான் உட்கார்ந்து சட்டத்தைப் படித்தாள். எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தில் அந்த ரத்து வேறு பல உரிமைகளைத் திருப்பித் தரும், துப்பாக்கியைத் தராது. மன்னிப்பு வாரியம்தான் தர முடியும். அன்றே துப்பாக்கியை மைலோ வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். அதன்பின் ஏழு வருடமும் நவம்பர் வேட்டைக்கு அங்கிருந்தே போனாள். தண்டனை முடிந்து பத்து வருடம் ஆனால்தான் மன்னிப்பு மனு போடலாம், எனக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது.

இதைச் சொன்னேன். மைலோ காதில் வாங்கவில்லை. பண்ணையை விற்றுவிட்டார். ஒமாஹாவில் மகள் வீட்டுக்குப் போகிறார்.

"அவ வீட்டுக்குள்ள துப்பாக்கி வரக் கூடாதாம். நான் வரலாமான்னு ரெண்டு தடவ கேட்டுக்கிட்டேன்."

என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். நான் தடுக்கவில்லை. அந்த மூன்று வாரத்தில் யாரையும் எதற்கும் தடுத்ததில்லை.

திரும்பிப் பார்த்தபோது ஐவி நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தாள். அம்மாவுடையதா என்று கேட்டாள். கை அதன்மேல் இருந்தது. அவளைத் தூக்கி அடுத்த அறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். துப்பாக்கியைத் தொடாமல் இருந்திருக்கலாம். ஆனால் மைலோவுக்கு எண்பத்தொரு வயது. அவர் எதையெல்லாம் மறக்கிறார் என்று ஊருக்கே தெரியும். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்க்கத் துப்பாக்கியின் தாழ்ப்பாளைப் பின்னால் இழுத்தேன். தோட்டா ஒன்று துள்ளி விழுந்து வெண்ணெய்க் கிண்ணத்தில் முட்டி நின்றது.

அதன் பிறகுதான் என் இரண்டு கையிலும் துப்பாக்கி இருப்பது உறைத்தது. குறைந்தது மூன்று வருடச் சிறை. டார்சியின் அம்மா லோர்னா, ஐவியைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்டு மனு போட்டிருந்தாள். வியாழக்கிழமை விசாரணை.

மைலோவுக்குப் போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. வண்டியில் வைத்துக் கொண்டுபோனால் அது இன்னொரு குற்றம். வாசலில் பனியில் போட்டால் பார்த்தவர் பேசுவார். வீட்டுக்குள் வைத்தால் ஒவ்வொரு நிமிடமும் குற்றம். ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

அங்கிருந்து போலீஸ்காரி ரெனே வந்தாள். டார்சியோடு படித்தவள், அவள் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருத்தி. உள்ளே வந்ததும் சட்டையில் மாட்டியிருந்த கேமராவை விரலால் தட்டிக் காட்டினாள்.

"கோல்பி, இது ஓடிக்கிட்டிருக்கு. மைலோ கொண்டாந்து வெச்சாரு. நீ ஒடனே எங்களக் கூப்பிட்ட. அவ்வளவுதானே?"

நான் தலையாட்டினால் போதும். அதற்குள் அவள் கண் வெண்ணெய்க் கிண்ணத்தருகே போய்விட்டது.

"தோட்டாவ எடுத்தது மைலோவா?"

ஆமாம் என்று ஒரு சொல். மைலோவுக்கு நினைவிருக்காது, ஆமாம் என்றுதான் அவரும் சொல்வார். குழந்தை இருக்கிற வீட்டில் தோட்டாவோடு துப்பாக்கியை வைத்த கிழவர் என்று எழுதுவார்கள். பொய் வாய்வரை வந்தது.

"நான்தான் எடுத்தேன். உள்ள இருந்துச்சு. ஐவி துப்பாக்கி மேல கை வெச்சுட்டா."

ரெனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பியபோது அலுவலகக் குரலில் பேசினாள். நான் சொன்னதை அப்படியே எழுதுவாள். குழந்தை இருந்ததையும் எழுதுவாள். வழக்கா இல்லையா என்பது அரசு வக்கீல் கையில். இன்று என்னை இங்கே விட்டுப் போக முடியாது.

"ஐவிய யாருகிட்ட விடுறது, கோல்பி?"

பக்கத்தில் இருந்த உறவு ஒன்றே ஒன்றுதான். லோர்னாவின் எண்ணைச் சொன்னேன். ரெனே குறித்துக்கொண்டு, பிள்ளையைக் கிளப்பு என்றாள்.

ஐவியைப் படியில் உட்காரவைத்துப் பூட்ஸ் மாட்டினேன். வலது கால் போனது. இடது கால் போகவில்லை. பாதம் வளர்ந்திருந்தது, போன மாதமே புதிது வாங்கியிருக்க வேண்டும். குதிகாலைப் பிடித்து அழுத்தினேன். வலிக்குது என்றாள். இன்னும் கொஞ்சம் என்றேன்.