மீன்முள் ஆன்டெனா பார்த்த பக்கம்

பேரம் பேசாத வாடிக்கையாளரைக் கண்டால் ஆன்டெனாக் கடை கம்பியாருக்குச் சந்தேகம் தட்டும். விலையைக் கேட்டு ஒரு முகச்சுளிப்பாவது காட்ட வேண்டாமா மனுஷன்? இந்த ஆள் போன வாரம் வந்து, காருக்கு மேலே ஒட்டுகிற குச்சி ஆன்டெனா ஒன்றைச் சொன்ன விலைக்கு வாங்கிப் போனான். இந்த ஞாயிறு மத்தியானம் மறுபடி வந்து நின்றான். இஸ்திரி கலையாத சட்டை, சத்தம் போடாத குரல்.

“அண்ணே, இது நல்லாத்தான் வேலை செய்யுது. ஆனா வைஃபை சிக்னல் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு சொல்ல மாட்டேங்குது.”

“அது சொல்லாது சார். கடைத்தெரு நடுவுல நிக்கிறவன் மாதிரி, நாலு பக்கமும் காது. எவன் திட்டுனாலும் கேக்கும், எவன்டான்னு கேட்டா முழிக்கும்.” கம்பியார் ஒரு சைக்கிள் டயரை மேஜையில் படுக்கப் போட்டு, நடுவில் குச்சியை நிறுத்தினார். “இப்படித்தான் சுத்திப் பரவும். தலைக்கு மேல, காலுக்குக் கீழ ரொம்பக் கம்மி.”

பிறகு அலமாரி உச்சியிலிருந்து, மீன்முள் போலக் குறுக்குக் கம்பிகள் வைத்த ஆன்டெனாவை இறக்கினார். ஒரு வருஷமாக யாரும் சீந்தாத சரக்கு.

“இது ஒரே பக்கம் பாக்கும். புதுசா பலம் ஒண்ணும் கொண்டு வராது. ஓஸ் பைப் வாயை விரலால அமுக்குனா தண்ணி தூரமா பீச்சுதில்ல, அந்தக் கதைதான். எந்தப் பக்கம் திருப்புனா சிக்னல் ஏறுதோ, ஆளு அந்தப் பக்கம். வேற தெருவுக்குப் போய் இன்னொரு தடவை திருப்புங்க. ரெண்டு கோடும் எங்க வெட்டுதோ, அங்க போய்க் கதவைத் தட்ட வேண்டியதுதான்!”

அவரே சிரித்துக்கொண்டார். வந்தவன் சிரிக்கவில்லை. சொன்ன பணத்தை எடுத்து வைத்தான்.

சோதித்துக் காட்ட மொட்டை மாடிக்குப் போனார்கள். லேப்டாப்பில் ஒயரைச் செருகிவிட்டு, “எந்த வைஃபை பேரைத் தேடணும்?” என்றார்.

“குட்டிநரி வீடு.”

கம்பியாரின் கை அப்படியே நின்றது.

இரண்டு மாதம் முன்பு அவர் வீட்டு மாடிக்கு, ஏழு வயது மகளோடு ஒரு டீச்சர் குடிவந்தாள். துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்த ரவுட்டரை அவரேதான் மாட்டிக் கொடுத்தார். பழைய வீட்டில் அதற்கு வைத்திருந்த ‘குட்டிநரி வீடு’ என்ற அதே பெயர். “மாத்திடலாமேம்மா” என்றதற்கு, “பாப்பா வச்ச பேருண்ணே, இருந்துட்டுப் போகட்டும்” என்றாள். அவரும் விட்டுவிட்டார். அன்றைக்கே இன்னொன்றும் சொல்லியிருந்தாள்: “என் வீட்டுக்காரர் தேடிக்கிட்டு வந்தா, இங்க யாருமில்லைன்னு சொல்லிடுங்கண்ணே. இந்தத் தடவை உயிரோட விடமாட்டார்.”

கம்பியார் ஆன்டெனாவைத் தன் வீட்டுக்கு நேர் எதிர்த்திசையில் நீட்டினார். “ஒண்ணும் காணோமே சார். ஏரியாவே தப்போ என்னவோ.”

“குடுங்கண்ணே, நான் திருப்புறேன்.”

விரற்கடை விரற்கடையாகத் திருப்பினான். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வந்ததும் திரையில் பெயர் முளைத்தது; பச்சைக் கோடு மளமளவென்று ஏறியது. அவன் நிதானமாக மூச்சு விட்டான்.

அந்தத் திசையில் நூறு வீடாவது இருக்கும். ஆனால் இன்னொரு தெருவிலிருந்து பார்த்துவிட்டால் கதை முடிந்தது. “வெயில்ல நிக்கிறீங்க, டீ சொல்லிட்டு வரேன்” என்று கம்பியார் கீழே இறங்கி, கல்லாவுக்குப் பின்னால் குனிந்து போன் போட்டார்.

“அம்மாடி, ரவுட்டர் பிளக்கைப் புடுங்கு.”

“ஏண்ணே, பாப்பா கார்ட்டூன்…”

“கேள்வி கேக்காத, புடுங்கு! உள்ள தாழ்ப்பாள் போட்டுக்க.”

மேலே வந்து பார்த்தால் திரையில் குட்டிநரி இல்லை. கம்பியாருக்கு உயிர் வந்தது. ஆனால் அந்த ஆள் திரையைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீங்க கீழ போனீங்க, பேர் காணாமப் போச்சுண்ணே.”

“கரண்டு போயிருக்கும் சார்.”

“மத்த பேரெல்லாம் அப்படியே இருக்கு. டீயும் வரலை.” குரல் கொஞ்சமும் உயரவில்லை. “உங்க வீடு எந்தப் பக்கம்ணே?”

முப்பது வருஷமாகக் கொள்முதல் விலையை முகத்தில் காட்டாத மனிதர் கம்பியார். இப்போதும் முகம் அசையவில்லை. “ஊருக்கு வெளிய சார், ரொம்ப தூரம்” என்று வாய் சுத்தமாகப் பொய் சொன்னது. கண் மட்டும், ஒரே ஒரு நொடி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் வந்தது.

“இது இனிமே வேண்டாம்ணே. அந்தப் பக்கம் போய்க் கம்பியார் வீடு எதுன்னு கேட்டாப் போதும்” என்று ஆன்டெனாவை அவர் கையில் கொடுத்துவிட்டு அவன் படியிறங்கினான்.