சத்யப்ரியாவின் ஸ்டிக்

ஓசூர் சிப்காட்டில் வின்சி வேலை பார்த்த கம்பெனியில், கேண்டீன் மாடியில் ஒரு பில்லியர்ட்ஸ் மேஜை கிடந்தது. வருஷத்துக்கு ஒருமுறை பெண்களுக்குத் தனியாகப் போட்டி. மூன்று வருஷமாகக் கோப்பை வின்சியிடம்தான். நாலாம் வருஷம் கல்லாவிப் பக்கமிருந்து சத்யப்ரியா வேலைக்குச் சேர்ந்தாள். பெங்களூரில் சொல்லிச் செய்த, பிடியில் தன் பெயர் பதித்த சொந்த ஸ்டிக்கோடு ஆட வந்தாள். கோப்பை கைமாறியது.

வின்சிக்கு அது நெஞ்சில் முள்ளாக நின்றது. அப்படியொரு ஸ்டிக் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஜெயிப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் ஒரு வருஷத்தை ஓட்டினாள். அந்தப் பெண்ணுக்கு நல்ல கை என்று வின்சியின் கணவன் ஜேம்ஸ் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டு, இரண்டு நாள் அவளிடமிருந்து ஒரு பேச்சும் இல்லாமல் கிடந்தான்.

அடுத்த போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது சத்யப்ரியா அந்த ஸ்டிக்கோடு வின்சியைத் தேடி வந்தாள். ஜேம்ஸுக்குப் பாகலூர் சாலையில் லேத் பட்டறை. வின்சியும் டூல்ரூமில் லேத் ஓட்டுகிறவள். ஸ்டிக் வளைந்திருக்கிறது, நிமிர்த்தித் தர முடியுமா என்று கேட்டாள்.

"எப்பருந்து இப்டி இருக்குது?" என்றாள் வின்சி.

"வாங்கனப்பவே இப்டித்தாங்க்கா. கோணல் கீழ பாக்கற மாதிரி புடிச்சி அடிச்சிக்குவேன்."

வின்சிக்கு முகம் செத்துவிட்டது. போன வருஷம் அவளைத் தோற்கடித்தது கோணல் ஸ்டிக்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பட்டறைக்குப் போய், ஸ்டிக்கின் இரண்டு பாதிகளையும் கழற்றிக் கண்ணாடிப் பலகைமேல் தனித்தனியாக உருட்டினாள். இரண்டும் நேராக ஓடின. சேர்த்து முடுக்கினால்தான் நுனி ஆடியது. மரத்தில் குறையே இல்லை. பாதிகள் சேரும் முகத்தை, ஸ்டிக் செய்தவன் சாய்வாக வெட்டியிருந்தான். லேத்தில் மாட்டினால் பத்து நிமிஷ வேலை. வின்சி அதைப் பையில் போட்டு மூடிவிட்டாள்.

மரமே முறுக்கிக்கொண்டது, கஷ்டம்தான், இன்னும் இரண்டு நாள் வைத்துப் பார்க்கிறேன் என்று மறுநாள் கூசாமல் சொன்னாள். பரவாயில்லை, முடியாவிட்டால் இப்படியே ஆடிக்கொள்கிறேன் என்று சத்யப்ரியா சிரித்தாள்.

அந்த 'இப்படியே' வின்சியைத் தூங்கவிடவில்லை. கோணல் ஸ்டிக்கிடம் மறுபடி தோற்றால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? ஜெயித்தாலும், ஸ்டிக் கோணல், அதனால் ஜெயித்தாள் என்பார்கள். புதன்கிழமை ஷிப்ட் முடிந்ததும் நேரே பட்டறைக்குப் போய், அந்த முகத்தைக் காகிதக் கனத்துக்குச் சீவி எடுத்தாள். யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது என்ற வெறியில், தன் பொருளுக்குக்கூடச் செய்யாத சுத்தத்தோடு செய்தாள். போட்டியன்று காலையில்தான் அதைச் சத்யப்ரியாவிடம் கொடுத்தாள்.

இறுதி ஆட்டத்தில் சத்யப்ரியா அடித்த முதல் பந்து குழிக்கு இரண்டு விரல் தள்ளிப் போனது. அடுத்ததும் அப்படியே. ஸ்டிக் வின்சி பட்டறைக்குத்தானே போயிருந்தது என்று பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. வின்சியின் காது சுட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை என்று திரும்பிச் சொல்ல வாய் வரவில்லை. கோணலாகவே விட்டுவிடலாம் என்ற நினைப்போடு மூன்று நாள் இருந்தவள்தானே. கடைசிக் கருப்புப் பந்தைப் போட்டு அவள் ஜெயித்தபோது இரண்டு பேர்தான் கை தட்டினார்கள்.

சத்யப்ரியா தன் ஸ்டிக்கை எல்லோரும் பார்க்க மேஜைமேல் உருட்டிவிட்டாள். அது ஆடாமல் ஓடியது.

"ஸ்டிக் இப்பத்தான் நேரா இருக்குது. என் கைதான் கோணலுக்குப் பழகிப்போச்சு. வின்சிக்கா நல்லா ஆடி ஜெயிச்சாங்க," என்றாள்.

இப்போது மாடியே கை தட்டியது. அது யாருக்கு என்று வின்சிக்குத் தெரியவில்லை. கம்பெனி பஸ்ஸில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். அவள் இடத்தில் தான் இருந்திருந்தால் வாய் திறந்திருக்க மாட்டோம், பேசுகிறவர்கள் பேசட்டும் என்று விட்டிருப்போம். அது நன்றாகத் தெரிந்தது. தோற்றபோதுகூட அந்தப் பெண்மேல் இத்தனை பொறாமை வந்ததில்லை.

மறுநாள் ஷிப்ட் முடிந்து ஆடிப் பழக மாடி ஏறினாள். சத்யப்ரியா அவளுக்கு முன்பே வந்து, நேரான ஸ்டிக்கால் அடித்துக்கொண்டிருந்தாள். பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குழியில் விழுந்துகொண்டிருந்தன.