ஹட் பேயிலிருந்து வராதவர்

ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் டாக்டர் சங்கவி போர்ட் பிளேருக்கு வந்தாள். இப்போது மூன்றாவது மழைக்காலம் நடந்துகொண்டிருந்தது. அவளுடைய ஆய்வு முடியும் தறுவாயில் இருந்தாலும் அவள் இன்னும் மூட்டை கட்டவில்லை.

வலிக்காகத் தரும் ஊசிமருந்தைப் போதைக்காக ஏற்றிக்கொள்கிறவர்கள்தான் அவளுடைய நோயாளிகள். ஒரே ஊசியை நாலு பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வதால் கல்லீரலைத் தின்னும் ஹெபடைட்டிஸ் சி கிருமி அவர்களுக்குள் பரவும். போதைக்கு ஓர் ஆஸ்பத்திரி, கல்லீரலுக்கு ஓர் ஆஸ்பத்திரி என்று அலையவிடாமல் இரண்டுக்கும் ஒரே அறையில் மருந்து கொடுத்தால் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட கேள்வி.

கணவர் அருண்பிரசாத் கோயம்புத்தூரில் கண் மருத்துவர். முதல் வருடம் போனில் சண்டை போட்டார்கள். இரண்டாம் வருடம் சண்டையும் ஓய்ந்தது. இப்போதெல்லாம் வீட்டு வரி கட்டியாயிற்றா, மோட்டாரைச் சரிபார்த்தாயிற்றா என்பதோடு பேச்சு தீர்ந்துவிடுகிறது. இருவரும் அதற்கு மேல் எதையும் கிளறவில்லை.

போதையை விடுவதற்கான மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிட வேண்டும். கரைகிறவரை பேசக்கூடாது. வாயிலிருந்து எடுத்துப்போய் யாரும் விற்றுவிடாமல் இருக்க, ஒருவர் எதிரில் உட்கார்ந்து பார்க்கவும் வேண்டும். மற்ற நோயாளிகள் அந்த நேரத்தில் செல்போனை நோண்டுவார்கள். மகேஷ்குமார் மட்டும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அந்த மௌனம் சங்கடமாக இருந்ததால் சங்கவி ஒருநாள் எதையோ பேச ஆரம்பித்தாள். கேஸ் சிலிண்டர் வரவில்லை என்றாள். மாடிவீட்டு நாய் அவளைப் பார்த்தால் மட்டும் குரைக்கிறது என்றாள். மாத்திரை கரைந்ததும் மகேஷ் ஒவ்வொன்றுக்கும் வரிசையாகப் பதில் சொன்னான்.

"சிலிண்டருக்கு போன் பண்ணாதீங்க மேடம், நேரா ஆபீஸ்ல போய் நில்லுங்க. குத்தா குரைக்குதுல்ல, அதுக்கு ஒரு தடவை மீன் தலை போடுங்க, அப்புறம் பாருங்க."

அன்றிலிருந்து, மாதத்துக்கொரு முறை அவன் கப்பலில் வரும் நாளை அவள் எதிர்பார்க்கத் தொடங்கினாள். வாயைத் திறக்க முடியாத ஒருவனிடம்தான் தன் கதையெல்லாம் சொல்கிறோம் என்பது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது.

மகேஷின் ஊர், தெற்கே ஒரு பகல் கப்பல் பயணத் தூரத்துத் தீவிலிருக்கும் ஹட் பே. அன்றாட மாத்திரையை அங்குள்ள சுகாதார நிலையத்திலேயே போட்டுக்கொள்வான். அப்பா துரைசாமி எண்ணெய்ப்பனைத் தோட்ட வேலைக்காக ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர். தோட்டத்தை மூடினார்கள், அவரும் போய்ச் சேர்ந்தார். மகேஷ் படகு எஞ்சின் பழுது பார்த்துப் பிழைத்தான். ஊசி பழகிய பிறகு மனைவி ரூபா மகளைக் கூட்டிக்கொண்டு மெயின்லேண்டுக்குப் போய்விட்டாள். போர்ட் பிளேரிலேயே புரோத்ராபூரில் இருக்கும் அக்கா, பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, அவனை கேட்டோடு நிறுத்திப் பேசி அனுப்புவாள். ஆனால் வைத்தியத்தில் அவன் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. கல்லீரல் மாத்திரைகளைத் தின்று முடித்தான். அது முடிந்து மூன்று மாதம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் கிருமி இல்லையென்றால் குணமாகிவிட்டது என்று பொருள். அந்த ஒரு பரிசோதனைதான் பாக்கி.

அதற்குத்தான் அவன் வரவில்லை.

முதல் கப்பலில் இல்லை, அடுத்ததிலும் இல்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு லைனே கிடைக்கவில்லை. சென்னையிலிருந்து ஆய்வை மேற்பார்வை பார்க்கும் பேராசிரியர் இராமகிருஷ்ணன், "வரலைன்னு எழுதிட்டு முடிச்சிரும்மா. ரெண்டு மூணு பேர் அப்படித்தான் போவாங்க. ஒருத்தருக்காக முடிவு ஒண்ணும் மாறாது" என்றார்.

"நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன் சார்."

"கடல் இப்ப மோசமா இருக்குமே?"

"பரவாயில்ல சார்."

காலைக் கப்பல். வழியெல்லாம் குமட்டல். ஹட் பேயில் இறங்கியபோது மாலையாகிக்கொண்டிருந்தது. அங்கே சுகாதார நிலையத்தில் அன்றாடம் மாத்திரை கொடுக்கும் நர்ஸ் ஷோபா, அவளைக் கண்டதும் குடையைப் பிடித்தபடி ஓடி வந்தாள்.

"டெய்லி வர்றாரு மேடம். மாத்திரை போடறாரு, போயிடறாரு. ஏக்தம் சுப், ஒரு வார்த்தை பேசறதில்ல. ரத்தம் எடுக்கணும்னு சொன்னா கையை மடக்கிக்கிட்டுக் கிளம்பிடறாரு."

அப்படியானால் உயிரோடு இருக்கிறான். கப்பலில் வரும்போது தான் எதை நினைத்துப் பயந்துகொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் சங்கவிக்கு உறைத்தது.

ரத்தம் எடுக்கும் சாமான்களையும் ஐஸ் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஷேர் ஜீப்பில் போனாள். கவனிப்பாரில்லாத எண்ணெய்ப்பனைகள் வரிசை மாறாமல் நின்றன. இடையில் காடு புகுந்திருந்தது. அதன் ஓரத்தில் தகரக் கூரை போட்ட வீடு. வாசலில் எஞ்சினைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்த மகேஷ் எழுந்து நின்றான். கிரீஸ் கையை லுங்கியில் துடைத்தான், மறுபடியும் துடைத்தான்.

"மேடம், நீங்க ஏன் இந்தத் தண்ணில..."

"கப்பல் இல்லையோன்னு பாக்க வந்தேன்."

"கப்பல் இருந்துச்சு மேடம்."

உள்ளே ஒரே ஒரு நாற்காலி. அதில் அவளை உட்காரவைத்துவிட்டு அவன் தரையில் குந்தினான். மழை தகரத்தில் கொட்டியது. அவனாகவே ஆரம்பித்தான்.

"தூஃபான் வந்துச்சுல்ல, போன மாசத்துக்கு முந்தின மாசம். லைட் போச்சு, நெட் போச்சு, ஷிப்பும் பந்த். ஷோபா சிஸ்டர் மாத்திரைய முன்னாடியே கையில குடுத்துட்டாங்க. அதெல்லாம் ஒழுங்காத்தான் போட்டேன். அப்போ ஒரு தோஸ்து வந்தான். பழைய ஆளு. அவன் சாமான் வச்சிருந்தான்."

"ம்."

"அவன் வர்றதுக்கு முன்னாடி நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல மேடம். நாள் கணக்கா. பேசினா குரல் வருமான்னே சந்தேகமாயிடுச்சு. அவன் ஊசிய எடுத்தான். வேணாம்னா எழுந்து போயிடுவான். அதனால வேணாம்னு சொல்லல."

"ஒரே ஊசியா?"

"ஒண்ணுதான் இருந்துச்சு." சிரிக்கப் பார்த்தான். "நஷாவே ஏறல மேடம். உங்க மாத்திரைதான் உள்ள உக்காந்திருக்கே, அது விடல. அவன் தூங்கிட்டான். நான் பக்கத்துல உக்காந்து மழையப் பாத்துட்டு இருந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

உடம்பு வலித்தது என்று சொல்லியிருந்தால் மாத்திரையின் அளவைக் கூட்டியிருப்பாள். ஆசை தாங்கவில்லை என்றால் அதற்கும் அவளிடம் மருந்து இருந்தது. இதற்கு என்ன கொடுப்பது? தன் வாடகை வீட்டு ஜன்னலில் அதே புயலை அவளும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அந்தக் கதவைத் தட்டியிருந்தால் யாராக இருந்தாலும் திறந்திருப்பாள்.

"கையை நீட்டுங்க மகேஷ்."

"ரிசர்ச் கராப் ஆயிடும் மேடம். நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டீங்க."

"உங்க ரத்தத்துல என்ன இருக்கோ அதை எழுதுவேன். அதுல கராப் ஆக ஒண்ணும் இல்ல. நீட்டுங்க."

முழங்கை மடிப்பில் நரம்புகள் எல்லாம் தழும்பாகிக் கிடந்தன. குழந்தைகளுக்குப் போடும் மெல்லிய ஊசியை அவன் கண்முன் உறை பிரித்து, புறங்கையில் மெதுவாக ஏற்றினாள். ரத்தம் வந்தது. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, "அந்த ஆளு யாரு?" என்றாள்.

அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

"போலீசுக்குச் சொல்ல இல்ல. அவருக்கும் இந்த நோய் இருக்கும், அதுக்குத்தான்."

அப்போதும் அந்த ஆளின் பெயரை அவன் சொல்லவில்லை. ஆனால் ஜீப் வரும்வரை மழையில் நனைந்தபடி கூடவே நின்றான்.

ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினாள். முடிவு வந்தது. கிருமி இருந்தது. முன்பு இருந்தது ஒரு வகை, இப்போது இருப்பது வேறு வகை. அவன் தின்ற மாத்திரைகள் தோற்கவில்லை. அந்த மழையில் புதிதாக ஒட்டிக்கொண்டது இது. இராமகிருஷ்ணன் கேட்டுவிட்டு, "மறுதொற்று ஒருத்தர்னு போட்டுடு. மருந்து மறுபடி குடுக்கணும்னா ஆய்வுக்கு வெளியே, சர்க்கார் மருந்துல குடு" என்றார். நல்ல மனிதர்தான். அவருக்கு மகேஷ் நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவன்.

மகேஷ் இரண்டாம் முறையாகக் கல்லீரல் மாத்திரையைத் தொடங்கினான். இந்த முறை சங்கவி தினமும் சாயங்காலம் அவனுக்கு போன் செய்தாள். அப்படிச் செய்யச் சொல்லி எந்த விதியும் இல்லை. மாத்திரை போட்டாச்சா என்று கேட்பாள். போட்டாச்சு என்பான். அதோடு பேச்சு முடிவதில்லை. எந்தப் படகின் எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது, சூரை மீன் எந்தப் பக்கம் ஓடுகிறது, அவள் வைத்த ரசம் ஏன் கசந்தது என்று போகும். மாடிவீட்டு நாய் இப்போது வாலாட்டுகிறது என்று அவள் சொன்ன அன்று மகேஷ் வெகுநேரம் சிரித்தான்.

ஒருநாள் காலை அவள் அறை வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். மகேஷுக்குப் பின்னால் ஒல்லியான, உயரமான ஆள். கைகளில் வெல்டிங் பொறி பட்ட புள்ளிகள். கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுக, நடுங்கிக்கொண்டு நின்றார்.

"மேடம், இது ஐயாவு" என்றான் மகேஷ். "கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே ஊசிய நிறுத்திட்டான். போதை முழுசா எறங்கினப்புறம்தான் மொத மாத்திரை குடுப்பீங்கன்னு நான்தான் சொன்னேன்."

யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை. ஐயாவு தரையைப் பார்த்தபடி, "மாஃப் பண்ணுங்கம்மா" என்றார்.

"உக்காருங்க. குளிருதா?"

முதல் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தாள். அது கரைகிறவரை மகேஷ் அவர் முதுகைத் தடவிக்கொண்டே ஏதோ பேசினான். படகு, எஞ்சின், யாரோ ஒருவனின் கல்யாணம். வாய் மூடிய ஐயாவு தலையை மட்டும் ஆட்டினார். நடுக்கம் மெல்லக் குறைந்தது. சங்கவி எதிரில் உட்கார்ந்து பார்த்தாள். பார்ப்பதைத் தவிர அவளுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

ஐயாவு மகேஷின் வீட்டிலேயே தங்கிவிட்டார். இருவரும் சேர்ந்து தன்னிடம் வருகிறார்கள், திரும்பும்போது மீன் வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்று ஷோபா சொன்னாள். சாயங்காலப் பேச்சு சுருங்கியது. பிறகு சில நாள் மகேஷ் போனை எடுக்கவில்லை. எடுத்த நாளில் அவசரமாகப் பேசினான்.

மழை விட்டுக் கடல் அடங்கிய பருவத்தில், மகேஷின் கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கிருமி இல்லை. அவள் உடனே போன் செய்தாள்.

"சச் மேடம்? நிஜமாவா?" அந்தப் பக்கம் கூச்சல். எண்ணெய் சடசடவென்று தெறிக்கும் சத்தம். "ஐயாவு, சுனோ, சரியாயிடுச்சாம்டா! மேடம், இவன் மீனைக் கருக்கறான், நான் அப்புறம் பேசவா?"

"பேசுங்க, பேசுங்க. சாப்பிடுங்க முதல்ல."

அப்புறம் அவன் பேசவில்லை.

அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் இதுதானே. மருந்துக்கு வெளியே அவனுக்கு ஒரு துணை கிடைத்தது. டாக்டரின் குரலுக்காக அவன் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு வைத்தியம் இதைவிட நன்றாக முடிய முடியாது. ஆய்வுக் கட்டுரையில் மறுதொற்று பற்றிய பத்தியைத் திறந்து, காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசியைப் பகிர்ந்துகொண்டது என்று எழுதினாள். பொய் இல்லை. மடிக்கணினியை மூடினாள்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டில் யாரோ இந்தியில் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பிள்ளை வரமாட்டேன் என்றது. சங்கவி எழுந்து விளக்கைப் போட்டாள். காலையில் வடித்த சோறு மிச்சம் இருந்தது. தட்டில் போட்டு, மோரை ஊற்றிப் பிசைந்தாள்.