ஜீவந்தரன் கட்டி வைத்த முதுமை

ஆரணியில் ஜரிகை வியாபாரம் செய்துவந்த ஜீவந்தரனுக்கு 1972 மார்ச் கடைசியிலிருந்து 1987 ஏப்ரல் வரை வயது ஏறவில்லை. அந்தப் பதினைந்து வருடங்களில் அரிசி விலை ஏறியது, பட்டு நூல் விலை ஏறியது, சூரத்திலிருந்து வரும் ஜரிகையின் விலையைச் சொல்லவே வேண்டாம். ஜீவந்தரன் மட்டும் நாற்பத்தெட்டிலேயே நின்றார். இதில் மந்திரமும் கிடையாது, மாயமும் கிடையாது. எல்லாம் சட்டப்படி, பாஸ்புக்கில் முத்திரை குத்தி நடந்த காரியம். வெளியூர்க்காரர்கள்தான் இதைக் கேட்டு வாயைப் பிளக்கிறார்கள்.

ஜீவந்தரன் நயினார் வகுப்பு, அதாவது தமிழ்ச் சமணர். புழுவைக் கொன்று எடுக்கிற நூல் என்பதால் பட்டைத் தொடமாட்டார். தறிக்காரர்களுக்கு ஜரிகை மட்டும் விற்பார். அவர் மனைவி கனகவதி சந்தவாசல் பக்கத்துப் பெண். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. காலையில் கடைக்குப் போகிறவர் மதியச் சோற்றுக்கு வந்து, வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் ஓடுவார். கனகவதி ஏதாவது பேச ஆரம்பித்தால், “எல்லாம் வயசான காலத்துல பேசிக்கலாம் கனகா, இப்ப ஆள வுடு” என்பார். அவளும் நம்பினாள். தலை நரைத்து, கடையை மூடிவிட்டு, ரெண்டு பேரும் வேறு வேலையே இல்லாமல் எதிரெதிரே உட்கார்ந்து பேசப்போகிற காலத்தை அவள் கல்யாணமான வருடத்திலிருந்தே எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். நரைக்க ஆசைப்பட்ட பெண்ணை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தக் காலத்துக்குச் சோறு போட யாருமில்லையே என்று யோசனை சொன்னவர் வேலூர் ஆடிட்டர் ஜெயசந்திரன். வங்கியில் பொது வருங்கால வைப்பு நிதி என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது, வருடா வருடம் கட்டினால் வருமான வரி குறையும், வட்டிக்கும் வரி இல்லை, கடன்காரன் கோர்ட்டுக்குப் போனாலும் அதை ஜப்தி செய்ய முடியாது, பதினைந்து வருடம் கழித்து மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்றார். “புள்ள இல்லாதவங்களுக்கு இதாங்க புள்ள” என்று முடித்தார். ஜீவந்தரன் மார்ச் கடைசியில் போய்க் கணக்குத் தொடங்கினார்.

அத்தோடு விட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் அவருக்குத் தன் கையைப் பற்றித் தெரியும். சூரத்தில் விலை சரிந்த சேதி வந்தால் ஜரிகைக்காரன் பெண்டாட்டி தாலியையும் கழற்றிக்கொண்டு சரக்கு வாங்க ஓடுவான். அவருடைய அப்பா அப்படித்தான் குடியிருந்த வீட்டைத் தோற்றார். ஆகவே ஜீவந்தரன் வங்கியிலிருந்து நேராக ஜினாலயத்துக்குப் போனார். பகவான் முன்னால் ஒரு கை அரிசியைக் குவித்து, அவர்கள் வகுப்பில் கத்தரிக்காயையோ பலாப்பழத்தையோ விடுகிறவர்கள் சொல்வதுபோல, அந்தக் கணக்கிலிருந்து பதினைந்து வருடத்துக்கு எதையும் எடுப்பதில்லை என்று விரதம் சொன்னார். அங்கே விரதம் என்றால் விரதம்தான். உயிர் போனாலும் பின்வாங்கக் கூடாது. வங்கிக்காரர்களே அவ்வளவு கறாராக இல்லை. ஏழாம் வருடத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம் என்று விதியிலேயே இருந்தது. மனுஷன் அதைப் படித்தாரா? படிக்கவில்லை!

முதல் சில வருடங்கள் யாரும் கவனிக்கவில்லை, உடம்பு வாகு என்று விட்டுவிட்டார்கள். விஷயம் வெளியே தெரிந்தது தலைமையாசிரியர் அருணகிரியால். அவரும் அதே ஆடிட்டர் சொல்லி அதே மார்ச்சில் கணக்குத் தொடங்கியவர், அவருக்கும் ஒரு முடி நரைக்கவில்லை. 1978 கடைசியில் மகள் கல்யாணத்துக்காக அவர் கணக்கிலிருந்து பாதியை எடுத்தார். கறுத்த தலையோடு வங்கிக்குள் போனவர் வெளியே வரும்போது காதோரம் வெளுத்திருந்தது, வேட்டி இடுப்பில் கொஞ்சம் இறுகியிருந்தது. காசாளர் எண்ணிக் கொடுத்ததோடு அதுவும் சேர்ந்து வந்துவிட்டது, அவ்வளவுதான். அருணகிரிக்கு ஒரே சந்தோஷம். “சம்பந்தி வீட்டுக்காரங்க எதுருல மாப்பிள்ளைக்கு அண்ணங்காரன் மாதிரி நின்னுகினு இருந்தா மதிப்பாங்களா? இப்ப பாரு, மாமனார் கணக்கா இருக்கேன்” என்று கடைத்தெரு பூராவும் சொல்லிக்கொண்டு போனார்.

அன்றைக்குத்தான் ஊருக்குப் புரிந்தது. வயசான காலத்துக்கென்று கட்டக் கட்ட, அந்த வயசான காலமே கணக்கில் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது. கனகவதிக்கும் புரிந்தது. அவள் பெயரில் கணக்கு இல்லை. அவளுக்கு வருடம் தவறாமல் வயது ஏறிக்கொண்டிருந்தது.

அவள் கெஞ்சினாள். “ஏங்க, நெறைய வேணாம். ரெண்டு மூணு வருசத்துக்கு உண்டானத எடுங்க போதும். நான் ஒருத்தியே தனியா கெழவியாயிகினு இருக்கேங்க.” ஜீவந்தரன் தலையைத் தாழ்த்திக்கொண்டார். “பகவான் முன்னால சொல்ட்டனே கனகா, நான் இன்னா பண்ணுவேன்.” அவருக்கு அவள்மேல் ஆசை இல்லாமல் இல்லை. ஆசைதான். அதனாலேயே வேலூருக்குப் போய் ஒரு கைத்தடியும் பவர் இல்லாத மூக்குக் கண்ணாடியும் வாங்கிவந்து, அவள் எதிரில் குனிந்து குனிந்து நடந்து காட்டினார். கனகவதி தடியைப் பிடுங்கி மூலையில் வீசினாள். “இன்னா நாடகம் ஆடிகினுகீறீங்க? என் முட்டி நெஜமா வலிக்குதுங்க.” சொல்லிவிட்டு அழுதாள். ஜீவந்தரன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வந்த வருடங்கள் கொடுமை. கலசப்பாக்கம் போகிற பேருந்தில் நடத்துநர் ஜீவந்தரனிடம், “அம்மாவ ஜன்னலாண்ட உக்கார வைப்பா” என்றார். வெம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பூங்காவனம் என்கிற அம்மாள், ஜீவந்தரனைக் காட்டி, உங்க பிள்ளைக்கு இன்னும் ஏன் முடிக்கவில்லை, எனக்குத் தெரிந்த இடத்தில் ஒரு பெண் இருக்கிறது என்று கனகவதியிடமே ஆரம்பித்தாள். கனகவதி இலையை மூடிவிட்டு எழுந்தாள். அவருக்கு மூச்சு வாங்காத வேகத்தில் அவளால் நடக்க முடியாமல் போயிற்று. அவர் முன்னால் போய் நிற்பார், அவள் வந்து சேர்வாள், மறுபடியும் அவர் முன்னால் போய்விடுவார். கால் அவருடையது, அவர் என்ன செய்வார் பாவம். வட்டி ஐந்து சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாகப் பன்னிரண்டுக்கு வந்தது. ஒவ்வொரு முறை உயர்ந்தபோதும் கடைத்தெருவில் அவருக்குக் கை கொடுத்தார்கள். கனகவதி மட்டும் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் நின்றுகொண்டாள். வட்டி பணத்துக்கு மட்டுமா ஏறும்?

கடைசியில் பதினைந்தும் முடிந்தது. வங்கி அதிகாரி லோகநாதன் நல்ல மனிதர், கடைக்கே வந்து சொன்னார். “அவசரப்படாதீங்க சார். இப்ப புதுசா ஒரு வசதி குடுத்துகீறாங்க, இன்னும் அஞ்சு வருசம் நீட்டிக்கலாம். மொத்தமா எடுத்தா…” பதினைந்து வருடம் அசல், அதற்குப் பன்னிரண்டு வரை வட்டி, வட்டிக்கு வட்டி. எழுபத்தைந்தில் போய் நிற்பாரா, எண்பதில் நிற்பாரா, நிற்கவே மாட்டாரா என்று யாருக்கும் தெரியாது. ஊர் முழுக்க நீட்டிக்கச் சொன்னது. எதிர்வீட்டுத் தறிக்காரர் சம்பந்தம், “யோவ், கெடைக்காத வயசுய்யா இது, வச்சிக்கினு ஜாலியா இரு” என்றார்.

ஆச்சரியம் என்னவென்றால் கனகவதியும் அதையே சொன்னாள். இத்தனை வருடம் எடுங்க எடுங்க என்று உயிரை வாங்கியவள், அன்று காலை வாசற்படியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. “வேணாங்க. நான் தெரியாம கேட்டுட்டேன். பாக்கறவங்க இன்னா வேணா சொல்லிக்கட்டும், புள்ளன்னுகூட சொல்லட்டும். நீங்க இருந்தா போதும் எனக்கு.”

ஜீவந்தரன் அவள் கையை மெதுவாக விலக்கினார். “உன்ன உட்டுட்டு நான் மட்டும் சின்னவனா இருக்கறதுக்கா கனகா இம்மாம் வருசம் கட்டனேன்?” என்று கேட்டார். கனகவதி செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே வங்கிக்குப் போனாள்.

உள்ளே அவர் மட்டும் போனார். அவள் வெளியே வேப்ப மரத்தடியில் நின்றாள். கணக்கை முடிக்கிற வேலை சாமானியமானதா? இந்தக் கையெழுத்து, அந்தக் கையெழுத்து, பழைய கையெழுத்தோடு ஒத்துப்பார்ப்பது என்று பிற்பகலாகிவிட்டது. வரி இல்லாத கணக்கு அல்லவா, ஒரு பைசா, ஒரு நாள் பிடித்தம் இல்லாமல் முழுசாகக் கொடுத்தார்கள். லோகநாதன் கதவைத் திறந்து பிடித்துக்கொள்ள, ஜீவந்தரன் சுவரில் ஒரு கையை ஊன்றியபடி வெளியே வந்தார். தலையில் கொஞ்சம் வெள்ளை முடிதான் மிச்சம். முதுகு வளைந்திருந்தது. கீழ்த்தாடை லேசாக நடுங்கியது. எண்பது இருக்கும், கூடவும் இருக்கலாம். பணப்பையைக்கூட அவரால் தூக்க முடியவில்லை, லோகநாதன்தான் கொண்டுவந்து கொடுத்தார். கனகவதி அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கிட்டப் போன பிறகுதான் சிரிப்பு என்று தெரிந்தது.

“குதிரை வண்டி கூப்டட்டுமா?” என்று லோகநாதன் கேட்டார். “வேணாங்க, நடந்தே போறோம்” என்றாள்.

ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. அவர் பத்தடி நடப்பார், நிற்பார். அவளும் நிற்பாள். சோடாக் கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள், அடுத்தாற்போல் அரிசி மண்டி வாசலில் உட்கார்ந்தார்கள். ஜீவந்தரன் பேசிக்கொண்டே வந்தார். சூரத்தில் பார்த்தது, கடையில் நடந்தது, அவள் கேட்டு அவர் பதில் சொல்லாமல் போனது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பேசினார். தெருக்காரர்கள் யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. பெரியவருக்கு வழி விடுங்கப்பா என்று சைக்கிள்காரர்களை மட்டும் ஒதுக்கினார்கள். இருட்டினால் அவர்கள் வகுப்பில் அடுப்பு மூட்டுவதில்லை, ஒரு வாய் சோறும் உண்பதில்லை. மண்டி வாசலை விட்டு எழும்போதே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஜீவந்தரன் அதைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு வேளை தப்பிவிடப் போகிறதே என்று எட்டி நடக்கப் பார்த்தார்.

கனகவதி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். “இன்னிக்கி ஒரு நாளு சாப்பிடலன்னா இன்னா? மெல்லவே நடங்க” என்றாள்.