மூன்று நிமிடப் பேச்சு

காவ்யா இறந்து நான்கு மாதம் கழித்துத்தான் கொடைக்கானலில் கூட்டம் என்று தகவல் வந்தது. ஆடலூருக்குக் கீழே காட்டுக்குள் இருக்கும் பரமேஸ்வரியின் குடியிருப்பு போன்ற ஊர்களுக்குச் சாலை தேவையா என்று ஓர் அதிகாரி விசாரிப்பார். ஊருக்கு ஒருவர் பேசலாம். மூன்று நிமிடம்.

காவ்யா, பரமேஸ்வரியின் தம்பி சின்னக்கருப்பனின் மனைவி. பிரசவ வலி கண்டவளைப் சாலை இல்லாததால் ஆடலூர் வரை போர்வையில் டோலி கட்டித் தூக்கிவந்தார்கள். பாதி வழியில், ஓடைப் பக்கம், தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். அதுவரை அவள் கையைப் பிடித்தபடி கூடவே நடந்தவள் பரமேஸ்வரி. அதனால் அவளே பேசட்டும் என்று ஊரில் முடிவானது.

போன வருடம் இதே சாலைக்காக மனுக் கொடுக்கப் போன ஊர்க்காரர் பொன்னுச்சாமி, அதிகாரி முன்னால் நாக்குழறி நின்றார். விவரமாகச் சொல்லத் தெரிந்தவர்களை அனுப்புங்கள் என்று அப்போது திருப்பி அனுப்பிவிட்டார்கள். பரமேஸ்வரி அதை மறக்கவில்லை.

எஸ்டேட்டில் மிளகு பறிக்கும்போது ஏணியில் நின்றபடியே சொல்லிப் பார்த்தாள். சாயங்காலம் ஆடலூரில் சபுராவின் மளிகைக் கடைக்குப் போவாள். கூட்டம் குறைந்ததும் சபுரா அவள் பேசுவதைப் போனில் பதிந்து காட்டுவாள். வாக்கியத்தின் கடைசிச் சொல்லைத் தான் விழுங்குவதும், முந்தானையைத் திருகுவதும் பரமேஸ்வரிக்கே தெரிந்தது. இரண்டையும் விட்டாள். ஓடை வரும் இடம்தான் சிக்கல். அங்கே அழுகை வந்துவிடும். அதிலேயே ஒரு நிமிடம் போய்விடும். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். சில நாளில் கண்ணீர் வந்தாலும் குரல் உடையவில்லை. மூன்றாவது வாரம் கண்ணீரும் நின்றது.

“இப்பத்தான் பேச்சு மாதிரி இருக்கு,” என்றாள் சபுரா.

அன்று வீடு திரும்பியவள், ஓடையைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகுதான் அதைத் தாண்டியதையே உணர்ந்தாள்.

கூட்டத்தில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். அதிகாரியின் முகத்தைப் பார்த்தே பேசினாள். எங்கும் தடுமாறவில்லை. மூன்று நிமிடம் ஆகும் முன்பே முடித்தாள்.

“நல்லாப் பேசுறீங்க,” என்றார் அதிகாரி. “எந்த அமைப்பு?”

“அமைப்பெல்லாம் இல்லைங்க. எஸ்டேட்ல கூலி வேலை பாக்குறேன்.”

“அப்ப யாரு எழுதிக் கொடுத்தது?”

“யாரும் எழுதித் தரலைங்க. மூணு வாரமா நானே சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டேன்.”

அதிகாரி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

“கையைப் பிடிச்சுக்கிட்டே நடந்தேன்னு சொல்றீங்க. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லையேம்மா.”

பரமேஸ்வரி தலை குனிந்து, அங்கேயே அழப் பார்த்தாள். காவ்யாவின் கை குளிர்ந்துபோனதை நினைக்க முயன்றாள். நினைவு வரவில்லை. தான் சொன்ன வாக்கியம்தான் வந்தது, கடைசிச் சொல் வரை தெளிவாக. அடுத்த ஊரின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கூட்டத்துக்குக் கூட வந்திருந்த சின்னக்கருப்பன், திரும்பும்போது தாண்டிக்குடி பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“ஒண்ணு விடாமச் சொல்லிட்டக்கா,” என்றான். “யாரோ செத்ததைச் சொன்ன மாதிரி இருந்துச்சு.”

அவள் அவன் தோளைத் தொட்டாள். அவன் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டான்.

இரண்டு மாதம் கழித்து ஊராட்சிக்குக் கடிதம் வந்தது. வெளியாட்கள் தூண்டிப் பேசவைத்ததாகத் தெரிவதால் கோரிக்கையை ஏற்க இயலவில்லை என்று இருந்தது. படித்துச் சொன்ன எழுத்தர், மேல்முறையீடு செய்யலாம் என்றார். பரமேஸ்வரி எழுந்து வேலைக்குப் போனாள். தம்பி வீட்டில் அவளோடு பேச்சு குறைந்துபோயிருந்தது.

மறு வருடமும் கூட்டம் போட்டார்கள். அந்த ஊரிலிருந்து யாரும் போகவில்லை. சாலையில் ஊராருக்கு ஆர்வமில்லை என்று அதையும் கோப்பில் எழுதிக்கொண்டார்கள்.