பாவா மட்டும் போதும்

ஆடி மாதத்தில் கல்யாண மண்டபங்கள் சும்மா கிடக்கும். ஷாஜாதியின் அம்மா, அரக்கோணத்து கவுசர், அதை நினைத்துத்தான் மகளின் நிக்காஹ்வுக்குத் திருத்தணியில் மண்டபம் பிடித்தார். அன்றைக்கு ஆடிக் கிருத்திகை என்று தெரியாமல் இல்லை. கூட்டம் மலைக்குத்தானே போகப்போகிறது, நமக்கென்ன என்று இருந்துவிட்டார். கூட்டம் மலைக்குத்தான் போனது. அதன் கையிலிருந்த செல்போன்கள் ஊரிலுள்ள டவர்களையெல்லாம் உறிஞ்சிக்கொண்டன.

அடி வாங்கியது தேவகி. விசேஷங்களுக்குத் தற்காலிகமாக இன்டர்நெட் போட்டுக் கொடுப்பவள் அவள். மொட்டைமாடியில் கம்பம் கட்டி, சிம் போட்ட ரவுட்டரை அதில் மாட்டி, ஜன்னல் வழியாகக் கேபிள் இழுத்து, மணப்பெண் அறையிலிருந்த லேப்டாப்பில் செருகியிருந்தாள். கேபிளில் குறை இல்லை. மேலே டவரில் தண்ணி இல்லாதபோது குழாயைக் குறை சொல்லி என்ன செய்வது?

திரையில் இரண்டு முகங்கள். ஒருவர் குவைத்தில் டிரைவராக இருக்கும் பாஷா, ஷாஜாதியின் அப்பா. மற்றவன் பஹ்ரைனில் இருக்கும் மக்பூல், அவளுடைய அக்கா புருஷன். மாப்பிள்ளை கலீம் வெறும் மெக்கானிக் என்று பாஷா முறுக்கிக்கொண்டு ஒரு வருஷமாக மகளோடு பேசவில்லை. லைனில் வருகிறேன் என்று நேற்றுதான் இறங்கி வந்திருந்தார். அவர் வாயால் சம்மதம் வராமல் ‘கபூல்’ என்று நிக்காஹ்வுக்கு ஒப்புதல் சொல்வதில்லை என்று ஷாஜாதி மனசுக்குள் முடிவு செய்திருந்தாள். அது தேவகிக்குத் தெரியாது. அப்பனும் மகளும் பேசுவதில்லை என்ற பந்திப் பேச்சு மட்டும்தான் அவள் காதுக்கு வந்திருந்தது.

நிக்காஹ் நடத்தி வைக்கும் ஹஜ்ரத் வாசலில் வந்து நின்ற நேரம் பார்த்துப் படம் உறைந்தது.

“ரெண்டு பேரு தாங்காது. ஒருத்தர்தான் நிக்க முடியும். யாரு வேணும் சொல்லும்மா, சீக்கிரம்!” என்றாள் தேவகி.

“பாவா மட்டும் போதுங்க்கா. மத்தவங்கள எடுத்துடுங்க” என்றாள் ஷாஜாதி.

பெற்ற அப்பனை விட்டுவிட்டு அக்கா புருஷனைக் கேட்கிறாளே, அவ்வளவு ஆத்திரமா என்று தேவகிக்கு ஒரு கணம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஊர்ப் பஞ்சாயத்துக்கு அவள் வரவில்லை. பாஷாவை எடுத்துவிட்டாள்.

திரை முழுக்க மக்பூல் பல்லைக் காட்டினான். ஷாஜாதி அலறினாள்.

“ஐயோ, பாவா எங்கே?”

“இதோ இருக்காரே!”

“அவரு துலாபாய், அக்கா வூட்டுக்காரரு!” கவுசர் தலையில் அடித்துக்கொண்டார். “எங்களுக்குப் பாவான்னா அப்பா! பெத்த அப்பா!”

தேவகி லேப்டாப்பிலிருந்தே பாஷாவைக் கூப்பிட்டாள், மணி அடித்தது, அவர் வெட்டினார். கவுசர் கூப்பிட்டார், அதையும் வெட்டினார். எல்லார் முன்னாலும் மகள் தன்னை வெளியே தள்ளிவிட்டாள் என்றுதானே அந்த மனுஷன் நினைப்பார்?

“இன்னொரு நிக்காஹ் இருக்குதும்மா” என்றார் ஹஜ்ரத். “பெரியவங்க யாரையாவது வெச்சு முடிச்சுடலாமா?”

ஷாஜாதி மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

தேவகி மக்பூலையும் எடுத்துவிட்டு, தன் போனிலிருந்து பாஷாவைக் கூப்பிட்டாள். தெரியாத நம்பர் என்பதால் எடுத்தார்.

“யாரு?”

“இன்டர்நெட் போட வந்தவ, சார். உங்கள கட் பண்ணது நாந்தான்.”

“அவ சொல்லித்தானே பண்ண?”

பொய் சொல்லிவிடலாம். தேவகிக்கு வாய் வரவில்லை.

“ஆங். ஆனா அவ சொன்னத நான் தப்பா புரிஞ்சிகினேன். எனக்குப் பள்ளிப்பட்டு, சார். எங்க ஊட்ல தெலுங்கு. பாவான்னா எங்களுக்கு அக்கா புருஷன். ஒருத்தர்தான் நிக்க முடியும், யாரு வேணும்னு கேட்டேன். பாவா மட்டும் போதும்னுச்சு. அவர வெச்சிகினு உங்கள எடுத்துட்டேன்.”

போச்சு, மறுபடியும் அறுந்துவிட்டது என்று தேவகி போன் திரையைப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை.

“இன்னொரு வாட்டி சொல்லும்மா. யாரு மட்டும் போதும்னா?”

“பாவா மட்டும்.”

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. தேவகி ஸ்பீக்கரைப் போட்டு, போனை ஷாஜாதியின் மடியில் வைத்தாள்.

“பேட்டா, எதனா சாப்டியா?” என்றார் பாஷா. ஷாஜாதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஹஜ்ரத் போனருகே குனிந்தார். “பாஷா பாய், சம்மதமா?”

“சம்மதம், ஹஜ்ரத்” என்றது போன். “இத்தினி பேருல என் பொண்ணு என்ன மட்டுந்தான் கேட்டுக்கீறா.”