பல் முளைத்த தேரை

...எப்போது செத்தது, அந்த ஒன்றைத்தான் கேட்கணும், மற்றதை அவன் பேசினால் பேசிக்கொள்ளட்டும் என்று அதிகாரிகள் வந்து தங்கும் திண்டிவனம் முசாபரி பங்களா வாசலில் குந்தியிருந்தான் சவுரிராயன். மடியில் துணிக்குள் அந்தக் கல், கரி போட்டு ஓட்டுகிற பஸ் வழியில் நின்றுபோய் நடந்த நடையில் கால் விண்விண்ணென்றது... பட்டணத்திலிருந்து கல் பார்க்க வந்த அதிகாரியாம், கல்லைப் பார்க்க ஒரு சம்பளம், இவனை எப்படி நம்புவது... கிணறு வெட்டுகிறவனுக்குத் தெரியாத கல்லா? பாறைக்குள் தேரை இருந்தால் அதற்கு ஓர் ஆள் மட்டம் கீழே ஊற்று, அப்பன் சொன்னது, இரண்டு தடவை பலித்தும் இருக்கிறது, அதனால்தானே வானூர்க் கிணற்றில் முப்பதாவது அடியில் இது பிளந்து விழுந்ததும், தட்டைத் தலை, அகல வாய், "தேரைடா, தண்ணி வந்துடுச்சி" என்றான் சவுரிராயன் மேலேயிருந்து. மகன் இருதயராஜ் கீழே நின்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தேரைக்குப் பல்லு இருக்குமா நைனா? இது கல்லாவே கீதே. கரை வேற வெடிப்பு வுட்டுக்கினு வருது, முட்டுக் குடுத்துட்டுத் தோண்டலாம்." பயந்தாங்கொள்ளி, ஆத்தாளைப் போல... "வாயை மூடிக்கினு தோண்டு, ஓர் ஆள் மட்டந்தான்." நாலாம் நாள் கரை சரிந்தது. மண்ணை வாரி அவன் உடம்பை எடுக்கப் பொழுது சாய்ந்துவிட்டது, குழி அப்போதும் காய்ந்துதான் கிடந்தது... அண்மையில் உயிரோடிருந்த தேரையென்றால் அடியில் தண்ணீர் இருந்திருக்கும், தப்பு தன்மேல் இல்லை, இல்லையா?

அதிகாரி கல்லை வாங்கி, பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தான்.

"ஐயா, இது செத்து எம்மா நாளாவுது?"

"நாளா? கோடிக்கணக்குல வருஷம், பெரியவரே. மனுஷனே பொறக்கல. தவளைக்குத் தூரத்துச் சொந்தம், தண்ணியிலயும் இருக்கும் தரையிலயும் இருக்கும். அந்தச் சாதியே பூண்டோட அழிஞ்சி போச்சு."

கோடியாம், யார் எண்ணினது... ஆனால் பல் இருந்தது, கல்லாகத்தான் இருந்தது, கீழே நின்றவன் வெறுங்கண்ணால் பார்த்துச் சொன்னதை இவன் கண்ணாடி வைத்துச் சொல்கிறான்.

"அப்போ இது கெடந்த எடத்துல தண்ணி இருந்துதா?"

"இருந்திருக்கும். ஆறு, சேறு, எல்லாம்."

இருந்ததாமே, தேரை பொய் சொல்லவில்லை, அப்பனும் பொய் சொல்லவில்லை, அப்படியென்றால்... "இன்னும் எத்தினி அடிங்க போயிருக்கணும்?" என்று கேட்டுவிட்டான். அதிகாரி நிமிர்ந்து பார்த்தான். சவுரிராயனுக்குத் தன் குரல் காதில் விழுந்தது, கிணற்று மேட்டில் நின்று கத்திய அதே குரல்... இப்போது கீழே யார் இருக்கிறார்கள், யாரைத் தோண்டச் சொல்கிறேன் நான்...